பதினொரு டிக்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில இருக்கும். அதை முதல்லயே சொல்லிடறேன். இந்தக் கதையில நான் நாலஞ்சு இடத்துல கத்தப்போறேன். அப்போ நீங்க, "உடம்பு சரியில்லாத அப்பாகிட்ட ஒரு பொண்ணு இப்படியா பேசுவா"ன்னு நினைக்கக் கூடாது. எங்க அப்பாவைப் பக்கத்து சீட்டுல வெச்சுக்கிட்டு ஒரே ஒரு நாள் கார் ஓட்டிட்டு வந்து, அப்புறம் பேசுங்க.

அப்பாவுக்கு டிரைவிங் லைசன்ஸ் ஆபீஸ்ல வேலை. டெஸ்ட் எடுக்கற அதிகாரி. இருபத்தெட்டு வருஷமா மடியில ஒரு அட்டை, அட்டையில ஒரு ஃபாரம், சட்டைப் பையில சீவின பென்சில் மூணு. டெஸ்டுக்கு வந்தவங்க வண்டியை ஓட்டுவாங்க, இவர் பக்கத்துல உட்கார்ந்து தப்புக்கு ஒரு டிக் போடுவார். டிக் ஒரு அளவைத் தாண்டினா ஃபெயில். இவர்கிட்ட வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் தாண்டிடுவாங்க. திட்ட மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். "மூணு வாரம் கழிச்சுத் திரும்ப வாங்க"ன்னு மரியாதையா சொல்லி அனுப்பிடுவார். அதனால ஊர்ல அவருக்குத் 'திரும்ப வாங்க'ன்னே பேர் ஆயிடுச்சு. மருந்துக் கடைக்காரர்கூட பாக்கியைக் கொடுத்துட்டு, சிரிக்காம முகத்தை வெச்சுக்கிட்டு, "திரும்ப வாங்க சார்"னு சொல்லுவார். அவரும் ரெண்டு தடவை ஃபெயில் ஆனவர்தான்.

என்னை மட்டும் அப்பா டெஸ்ட் எடுக்கலை. சொந்தப் பொண்ணுக்கு எடுக்கறது முறையில்லைன்னு கூட வேலை பார்க்கறவர்கிட்ட அனுப்பினார். நான் முதல் தடவையே பாஸ். அந்த மனுஷன் முகதாட்சண்யம் பார்த்துப் பாஸ் போட்டுட்டார்னு அப்பாவுக்கு இன்னிக்கும் சந்தேகம். பதினாறு வருஷமா என் வண்டியில ஏறும்போதெல்லாம் அந்த டெஸ்டை முதல்லேர்ந்து எடுத்துக்கிட்டு இருக்கார்.

போன வருஷம் அவருக்குப் பெருங்குடல்ல கட்டி வந்துச்சு. ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. அது திரும்பத் தலைகாட்டாம இருக்க எட்டுத் தடவை கீமோ, மூணு வாரத்துக்கு ஒண்ணுன்னு டாக்டர் சொன்னார். மூணு வாரம்னு கேட்டதும் அம்மாவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். சிரிக்கக் கூடாத இடத்துல சிரிப்பு வந்தா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு.

கீமோன்னதும் எல்லாருக்கும் முடிதான் ஞாபகம் வரும்போல. ஒரே வாரத்துல அஞ்சு தொப்பி வந்து சேர்ந்துச்சு. ஆபீஸ்லேர்ந்து ஒண்ணு, என் மாமியார் பின்னினது ஒண்ணு, யார் கொடுத்ததுன்னே தெரியாம ரெண்டு, குஞ்சம் வெச்சது ஒண்ணு. கடைசியில பார்த்தா அப்பாவுக்குக் கொடுத்த மருந்துல முடி அவ்வளவாக் கொட்டவே இல்லை. பார்க்க வந்தவங்க முதல்ல தலையைப் பார்ப்பாங்க, அப்புறம் கொஞ்சம் ஏமாந்த மாதிரி உட்காருவாங்க. அம்மா குஞ்சம் வெச்ச தொப்பியை எடுத்து டீ ஆறாம இருக்க கெட்டிலுக்குப் போட்டுட்டாங்க.

முதல் நாள் கீமோ அறையில ஊசி போட வந்த நர்ஸ், அப்பா முகத்தை ஒரு நிமிஷம் உத்துப் பார்த்துச்சு. சின்ன வயசுப் பொண்ணு, வாய் மட்டும் பெரிசு. "சார், நீங்க என்னை மூணு தடவை ஃபெயில் பண்ணியிருக்கீங்க. கையை நீட்டுங்க"ன்னுச்சு. இருபத்தெட்டு வருஷத்துல அப்பா முகம் வெளுத்து நான் பார்த்தது அன்னிக்குத்தான். அந்தப் பொண்ணு ஒரே குத்துல நரம்பைப் பிடிச்சுடுச்சு, வலிக்கவே இல்லையாம். அப்பா மெல்லமா, "இது பாஸ், சிஸ்டர்"னார். அன்னிலேர்ந்து ரெண்டு பேருக்கும் ஒரு போட்டி. அது எப்படி இருக்கீங்கன்னு கேட்கும், இவர் நெஞ்சை நிமிர்த்தி அருமையா இருக்கேன்னு சொல்லுவார்.

அருமையா இருந்த லட்சணத்தை வீட்டுல வந்து பார்க்கணும். அந்த மருந்து ஏறினா குளிர்ச்சி ஆகாது. குழாய்த் தண்ணியைக் குடிச்சா கண்ணாடித் தூளை முழுங்கற மாதிரி இருக்குமாம். ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டா விரல் நுனியில ஷாக் அடிக்குமாம். அம்மா ஃப்ரிட்ஜ்மேல 'உங்களுக்கு இல்லை'ன்னு எழுதி ஒட்டினாங்க. சட்டத்தை மதிக்கறவர் ஆச்சே, கதவைத் திறக்க மாட்டார். அடுப்புல சூடு பிடிக்கற கையுறையை மாட்டிக்கிட்டு முன்னாடி நின்னு, யாராவது திறக்கறாங்களான்னு பார்ப்பார். வாயில எதை வெச்சாலும் சாவியைச் சப்பற மாதிரி இருக்குன்னு சொல்லி, அம்மா வெச்ச சூப்புல ஆணி ஏதாவது விழுந்துச்சான்னு கேட்டார். முப்பத்தஞ்சு வருஷமா சமைச்சுப் போட்டவங்க அவங்க. எவர்சில்வர் கரண்டியைப் பிடுங்கிட்டு மரக் கரண்டியைக் கொடுத்தாங்க. சூப் நல்லாயிருக்குன்னார்.

மருந்தோட வாந்தி வராம இருக்க இன்னொண்ணு கொடுப்பாங்க. அது ஏறினா முதல் ரெண்டு நாள் மனுஷன் தரையில நிக்க மாட்டார். வீட்டுச் செருப்பையெல்லாம் அளவு வாரியா அடுக்குவார், காரை மூணு தடவை கழுவுவார், பால்கனியில நின்னுக்கிட்டு எதிர் வீட்டுக்காரர் வண்டியைப் பின்னாடி எடுக்கறதுக்கு மார்க் போடுவார். மூணாம் நாள் காத்துப் போன பலூன் மாதிரி சோபாவுல விழுந்துடுவார். அந்த ஒரு நாள்தான் அம்மாவுக்கு டிவி கிடைக்கும். பாவம், அதையும் மனசாட்சி உறுத்தி உறுத்தித்தான் பார்ப்பாங்க.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு. அங்கதான் வம்பே. டெஸ்ட் வண்டியில அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். என் வண்டியில இல்லை. இல்லாத பிரேக்கை அவர் கால் அழுத்திக்கிட்டே வரும். சிக்னல் வந்தா ஒரு மிதி, முன்னாடி பஸ் நின்னா ஒரு மிதி, சைக்கிள்ல போறவர் திரும்பிப் பார்த்தா ஒரு மிதி. கால்மிதி ரப்பர்ல ஒரு இடம் தேய்ஞ்சே போச்சு. முதல் நாலு கீமோவுக்கும் போகவர நாங்க போட்ட சண்டையை எழுதினா தனிப் புத்தகம் ஆகும்.

அஞ்சாவது கீமோவுக்குப் போனப்போ அவர் மிதிக்கலை. நான் வேணும்னே ஒரு திருப்பத்துல கொஞ்சம் வேகமாப் போய்ப் பார்த்தேன். கால் அசையலை. கையைக் கட்டிக்கிட்டு ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்துக்கிட்டு வந்தார். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? பதினாறு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் எனக்கு லைசன்ஸ் கிடைச்சுதுன்னு நினைச்சேன். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், வேலை பார்க்கற கடையில சொன்னேன், அப்பா நான் ஓட்டறதை நம்பிட்டார்னு அம்மாவுக்குப் ஃபோன் போட்டுச் சொன்னேன். அம்மா, "உடம்பு முடியலையோ என்னவோ"ன்னாங்க. எனக்கு வந்துச்சே கோபம். பெத்த பொண்ணு நல்லா ஓட்டறான்னு ஒத்துக்க இந்தக் குடும்பத்துல ஒருத்தருக்கும் மனசு வராதான்னு கேட்டு ஃபோனை வெச்சுட்டேன்.

ஆறாவது கீமோவுக்கு முதல் நாள் ரத்தப் பரிசோதனை. முடிச்சுட்டு ஆஸ்பத்திரி நடைபாதையில வந்துக்கிட்டு இருக்கோம். பின்னாடிலேர்ந்து துப்புரவு வேலை பார்க்கற அம்மா ஒருத்தங்க, "இது யாரோடது"ன்னு கேட்டுக்கிட்டு ஓடி வந்தாங்க. கையில ஒத்தைச் செருப்பு. பழுப்பு நிறம், அளவு ஒன்பது. நான் அப்பா காலைப் பார்த்தேன். ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல வெறும் தரை. லிஃப்டிலேர்ந்து அம்பது அடி வெறுங்காலோட நடந்து வந்திருக்கார். அவருக்குத் தெரியலை.

தெரியும்னார். கடிச்சுது, அதான் விட்டுட்டேன்னார். கடிச்ச செருப்பை ஆஸ்பத்திரி நடுவுல விட்டுட்டு வர்ற மனுஷனா அவர்? வீட்டுச் செருப்பையெல்லாம் அளவு வாரியா அடுக்கறவர். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னா இதுதான்.

நான் கண்ணாடிக் கடையில பவர் பார்க்கற வேலை செய்யறவ. கண்ணு தெரியாததை மறைக்கறவங்க தினமும் எனக்கு ரெண்டு பேராவது வருவாங்க. உள்ள வரும்போதே அட்டையில இருக்கற எழுத்தை மனப்பாடம் பண்ணிடுவாங்க. கேட்டா கடகடன்னு ஒப்பிப்பாங்க, கொஞ்சம் வேகமாவே ஒப்பிப்பாங்க. அப்பா அன்னிக்குச் சொன்ன பதிலும் அந்த வேகத்துலதான் வந்துச்சு. அப்பவே எனக்கு அந்தக் கால்மிதி ஞாபகம் வந்துச்சு. என்னை நம்பினதால அவர் மிதிக்காம இருக்கலை. மிதிக்க முடியலை.

வீட்டுக்கு வந்ததும் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தேன். ரெண்டாவது கீமோவுலேர்ந்து ஒவ்வொண்ணுக்கு முன்னாடியும் ஒரு ஃபாரம் கொடுப்பாங்க. போன மூணு வாரத்துல என்னென்ன தொந்தரவு இருந்துச்சுன்னு முப்பது வரி இருக்கும், இருந்ததுக்கு எதிர்ல டிக் போடணும். அப்பா எதையும் நகல் எடுத்து வெச்சுக்காம கொடுக்க மாட்டார். நாலு நகல் இருந்துச்சு, நாளைக்குக் கொடுக்க வேண்டியதும் பென்சில்ல நிரப்பி ரெடியா இருந்துச்சு. 'கை கால் மரத்துப் போதல்'ங்கற வரி அஞ்சுலயும் வெறுமையா இருந்துச்சு. எனக்குக் கோபம் தலைக்கு மேல ஏறினது அதைப் பார்த்து இல்லை. எண்ணிப் பார்த்தேன், முதல் ஃபாரத்துல பதினொரு டிக். ரெண்டாவதுல பதினொண்ணு. அஞ்சுலயும் பதினொண்ணு.

அம்மாகிட்ட காட்டினேன். அம்மா ஒரு பெருமூச்சு விட்டுட்டு, அவர் ஃபாரம் நிரப்பறதைப் பார்த்திருக்கேன்னாங்க. முதல்ல எல்லாத்துக்கும் லேசா டிக் போடுவாராம். அப்புறம் எண்ணுவாராம். அப்புறம் ரப்பரை எடுத்து ஒவ்வொண்ணா அழிப்பாராம். மூணாவது தடவை வாய்ப்புண் வந்தப்போ அதைச் சேர்க்கணுமேன்னு வாந்தியோட டிக்கை அழிச்சுட்டாராம். வாந்தி பழசு, வாய்ப்புண் புதுசு, புதுசுக்கு இடம் கொடுக்கணும்லன்னாராம். லைசன்ஸ் டெஸ்ட்ல பன்னிரண்டு டிக் வரைக்கும் பாஸ், பதிமூணு விழுந்தா ஃபெயில். ஒண்ணு பத்திரத்துக்குக் குறைச்சுப் பதினொண்ணுல நிறுத்தறார். இந்த மனுஷன் மூணு மாசமா கீமோவுல பாஸ் ஆகிக்கிட்டு இருக்கார்.

நாங்க ரெண்டு பேரும் சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிச்சோம். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே ஆஸ்பத்திரியில கொடுத்த சின்னப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினாங்க. மரத்துப் போறது தொடர்ந்து இருந்தா அடுத்த மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி கண்டிப்பா சொல்லணும், சொல்லாம விட்டா அது நிரந்தரமா அப்படியே இருந்துடலாம்னு போட்டிருந்துச்சு. சிரிப்பு நின்னுபோச்சு. அவருக்கு ரிட்டயர் ஆக இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கு. திரும்ப அந்த அட்டையோட அந்த சீட்டுல உட்காரணும்னுதான் இத்தனையும் தாங்கிக்கிட்டு இருக்கார். அந்த சீட்டுல ஒரு பிரேக் இருக்கு. அதை அழுத்த ஒரு கால் வேணும்.

அவர் குளிச்சுட்டு வந்ததும் நான் ஆரம்பிச்சேன். நல்லாவே கத்தினேன்னு ஒத்துக்கறேன். மேல் வீட்டுக்காரங்க ஜன்னல் சாத்தின சத்தம் கேட்டுச்சு. அப்பா துளிகூட அசையலை. உள்ளதை உள்ளபடி போட்டா இருபத்தொண்ணு வருதுன்னார். இருபத்தொண்ணு வாங்கினவனை யார் ரோட்டுல விடுவா, டாக்டர் மருந்தைக் குறைப்பார், குறைச்சா கட்டி திரும்ப வரும், கால் போனாப் போகட்டும், எட்டையும் முழுசா முடிச்சே ஆகணும்னார். நீங்க சொல்லலைன்னா நானே நர்ஸ்கிட்ட சொல்றேன்னேன். சொன்னா நாளைக்கு வரவே மாட்டேன்னு உள்ள போயிட்டார். அவர் பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணு கால்தான். அம்மா என்னைக் கையைப் பிடிச்சு உட்கார வெச்சு, அவர் சொல்லாட்டி நம்மதான் சொல்லணும், ஆனா காலையில வரைக்கும் விட்டுப் பாருன்னாங்க.

காலையில நான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினப்போ அப்பா ஏற்கெனவே கீழே இருந்தார். என் வண்டிக்குப் பக்கத்துல வந்து, அழுத்தித் தேய்ச்ச சட்டையோட, கையை நீட்டிச் சாவி கேட்டார். நானே ஓட்டிக் காட்டறேன், என் கால் நல்லாயிருக்கா இல்லையான்னு நீயே பாரு, நான் பாஸ் ஆயிட்டா நீ ஆஸ்பத்திரியில வாயைத் திறக்கக் கூடாதுன்னார். ரோட்டுக்கு விட மாட்டேன்னேன். வீட்டுக்குப் பின்னாடி வண்டி நிறுத்தற இடம் இருக்கு, வேலை நாள் காலையில காலியாத்தான் கிடக்கும். அங்கேன்னா சரின்னேன். அம்மா வாசல்ல நின்னு யாரும் உள்ள வராம பார்த்துக்கிட்டாங்க. துணி காயப்போடற கயித்தைக் குறுக்கால தரையில போட்டு, இதான் கோடு, இங்க நிறுத்தணும்னாங்க. அவங்க முகத்தைப் பார்த்தா அவங்களுக்கு ரொம்ப நாளா இதுல ஒரு ஆசை இருந்த மாதிரி இருந்துச்சு.

நான் பக்கத்து சீட்டுல உட்கார்ந்தேன். அப்பா தன் அட்டையையும் பென்சிலையும் என் மடியில வெச்சார். கண்ணாடியைச் சரி பண்ணினார், பெல்ட்டைப் போட்டார், பின்னாடி பார்த்தார், வண்டியை எடுத்தார். எவ்வளவு அழகா எடுத்தார்ங்கறீங்க. ஒரு குலுக்கல் இல்லை. எனக்கு உள்ளுக்குள்ள திக்குன்னுச்சு, பாஸ் ஆயிடுவார் போலிருக்கேன்னு. சொந்த அப்பா ஃபெயில் ஆகணும்னு வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கற பொண்ணு உலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

கயிறு வந்துச்சு. அப்பா குனிஞ்சு காலைப் பார்த்தார்.

ரோட்டைப் பார்க்காம பெடலைப் பார்க்கறது அவர் ஃபாரத்துல முதல் தப்பு. யாரையும் அதுக்கு மன்னிச்சதில்லை. பார்த்துட்டு மிதிச்சார், பாதம் பிரேக் ஓரத்துல பட்டு வழுக்கிக் கீழே போச்சு. திரும்ப மிதிச்சார், அதுவும் தப்பிப் போச்சு. வண்டி கயித்தைத் தாண்டி நேரா குப்பைத் தொட்டி பக்கம் போச்சு. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அதுக்குள்ள ரெண்டு காலித் தொட்டி சாஞ்சு, ஒண்ணு உருண்டு உருண்டு அம்மா காலடியில போய் நின்னுச்சு. அம்மா அதை நிமிர்த்தி வெச்சுட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

அப்பா இன்ஜினை அணைச்சார். ரெண்டு கையும் ஸ்டியரிங்மேலயே இருந்துச்சு. அப்புறம் என் மடியிலேர்ந்து அட்டையை எடுத்துத் தனக்குத்தானே டிக் போட ஆரம்பிச்சார். பெடலைப் பார்த்தது, கோட்டைத் தாண்டினது, இடிச்சது. அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கேயோ போயிடுச்சு. அவர் கையைப் பிடிச்சு நிறுத்தினேன்.

"கால் எங்க இருக்குன்னே தெரியலைம்மா"ன்னார். "ஒரு மாசமா. பஞ்சுமேல நிக்கற மாதிரி இருக்கு. அழுத்தினா முள்ளு முள்ளா குத்துது."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா."

"ஃபெயில் ஆனவங்களை நான் என்ன பண்ணுவேன்? வீட்டுக்கு அனுப்பிடுவேன்." அவர் கண்ணாடி வழியா முன்னாடி பார்த்துக்கிட்டே பேசினார். "அந்த நர்ஸ் பொண்ணு என் ஃபாரத்தைப் பார்த்துட்டு, இனிமே வர வேண்டாம் சார், வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிட்டா?"

எங்க அப்பா சாவைப் பத்திப் பேசி நான் கேட்டது இல்லை, அன்னிக்கும் அந்த வார்த்தையை அவர் சொல்லலை. ஆனா அதைத்தான் சொன்னார். அவ்வளவு பெரிய பயத்தை ஒரு ரப்பரையும் பென்சிலையும் வெச்சுக்கிட்டு மூணு மாசமா தனியாச் சமாளிச்சிருக்கார். அப்படி யாராவது சொன்னா அந்த ஆஸ்பத்திரி வாசல்லயே உட்கார்ந்து கத்துவேன், என் குரல் உங்களுக்குத் தெரியாதான்னு கேட்டேன். தெரியும், மேல் வீடு வரைக்கும் தெரியும்னார். சீட்டை மாத்திக்கிட்டோம். அம்மா கயித்தைச் சுருட்டிக்கிட்டு வந்து, பின் சீட்டுல ஏறி, நானும் வரேன்னாங்க.

கீமோ அறையில அப்பா புது ஃபாரம் ஒண்ணு வாங்கிக்கிட்டார். பென்சிலைச் சட்டைப் பையில வெச்சுட்டு என்கிட்ட பேனா கேட்டார். வரிசையா டிக் போட்டுக்கிட்டே போனார். நர்ஸ் வாங்கிப் படிச்சுது. படிக்கப் படிக்க அதோட வாய் மூடிக்கிச்சு, அது நடக்கறது அபூர்வம். நேரா டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போச்சு. டாக்டர் வந்தார், அப்பாவைக் கண்ணை மூடிக்கச் சொல்லி கால் விரல் ஒவ்வொண்ணாப் பிடிச்சு, இது எந்த விரல்னு கேட்டார். பத்து விரல்ல நாலுதான் சரி. ஊசி வழியா ஏத்தற அந்த மருந்தை இதோட நிறுத்திடலாம், மீதி நாளுக்கு வீட்டுல போடற மாத்திரை மட்டும் போதும்னார். இதுவரைக்கும் ஏத்தினது வீண் போகாது, கால் உணர்ச்சி பல பேருக்கு மெல்ல மெல்லத் திரும்பும், மாசக்கணக்கு ஆகும், இன்னும் ரெண்டு தடவை சொல்லாம ஏத்தியிருந்தா நான் எந்த உறுதியும் கொடுத்திருக்க முடியாதுன்னார். அப்பா கடைசி வார்த்தை வரைக்கும் கவனமாக் கேட்டார்.

"அப்போ சிகிச்சை நிக்கலையே, டாக்டர்?"

"நிக்கலை. ரூட்டை மாத்தறோம், அவ்வளவுதான்."

அப்பா தோள் ரெண்டும் அரை அடி இறங்கினதை நான் பார்த்தேன். அம்மா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. டாக்டர் போனதும் நர்ஸுக்குப் பேச்சு திரும்பி வந்துச்சு. மொத்தம் இருபத்தொண்ணு சார், உங்க கையால நான் வாங்கினதே பதினெட்டுதான்னு சொல்லிச்சு. இந்த ஃபாரத்துல பாஸ் ஃபெயில் எதுவும் கிடையாது, நிறைய டிக் போடறவங்களை நாங்க வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், பக்கத்துல வெச்சுக்குவோம்னும் சொல்லிச்சு. அப்பா, ஃபாரத்துமேலயே அதை அச்சடிச்சிருக்கணும்னார். அதுவும் நியாயம்தான்.

நான் அதுக்குள்ள மாத்திரைச் சீட்டை வாங்கி, அடுத்த தேதியைக் குறிச்சு, வண்டி நிறுத்தின சீட்டுல ஆஸ்பத்திரி முத்திரை வாங்கி, அம்மா பையை எடுத்து, யாருக்கு எந்த லிஃப்ட்னு உத்தரவு போட்டுக்கிட்டு நின்னேன். அப்போ நர்ஸ் ஃபாரத்தைத் திருப்பி அப்பா முன்னாடி வெச்சுது. பின்பக்கத்தை நீங்க ஒரு தடவைகூட நிரப்பினது இல்லை சார், இன்னிக்காவது பாருங்கன்னுச்சு. பின்பக்கம் ஒரே ஒரு கேள்விதான். 'பயமாக இருக்கிறதா?' கீழே வேற விவரம் எழுத ரெண்டு கோடு.

அப்பா ரொம்ப யோசிக்கலை. டிக் போட்டார். அப்புறம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் முத்திரைச் சீட்டை ஆட்டிக்கிட்டு, சீக்கிரம் வாங்க, நேரம் ஆச்சுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அவர் குனிஞ்சு கீழ் கோட்டுல ஏதோ எழுதிக் கொடுத்தார். நர்ஸ் அதைப் படிச்சுட்டு, ஒரு நாற்காலியை இழுத்துட்டு வந்து, அவர் பக்கத்துல போடாம என் பக்கத்துல போட்டுச்சு. உட்காருங்க அக்கான்னுச்சு.

ஃபாரத்தை எட்டிப் பார்த்தேன். அந்த அழகான ஆபீஸ் எழுத்துல, 'என் மகளுக்கு என்னைவிட அதிகம்'னு எழுதியிருந்துச்சு.

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்"னேன்.

"அவ சொல்றதை நம்பாதீங்க, சிஸ்டர்"னார் அப்பா. "என் பொண்ணு."

நான் அந்த நாற்காலியில உட்கார்ந்து, இத்தனை மாசத்துக்கும் சேர்த்து அழுதேன். நர்ஸ் என் தோள்மேல கையை வெச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்பா எழுந்து, காலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அடியா எடுத்து வெச்சு வந்து, என் இன்னொரு பக்கம் உட்கார்ந்தார்.